பெட்டி புதிது, கம்பி பழையது



2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியதை நாம் மறந்திருக்க மாட்டோம். அதையடுத்துச் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணையில் பெருகி வந்து, பாகூர்க் கொம்யூனின் தாழ்ந்த கிராமங்களுக்குள் புகுந்தது. வில்லியனூரை ஒட்டிய தெருக்களிலும் திண்ணை வரை தண்ணீர் நின்றது.

வெள்ளம் வடிந்ததும் பாய் படுக்கைகளை வெயிலில் போடுகிறோம். அரிசிப் பானையைப் பார்க்கிறோம். பிள்ளைகளின் புத்தகங்களைப் பிரித்து உலர்த்துகிறோம். சுவர் உலர்வதற்கு மட்டும் பல வாரங்கள் ஆகின்றன. அந்தச் சுவருக்குள்தான் மின்கம்பிகள் ஓடுகின்றன என்பது எவர் நினைவுக்கும் வருவதில்லை. கண்ணுக்குத் தெரிவது ஃபியூஸ் பெட்டி ஒன்றே. பீங்கான் கேரியர்களில் பச்சை பூத்திருப்பதைக் கண்டு, மாற்றிவிடலாம் என்று வயர்மேனை அழைக்கிறோம். அவர் அரை நாளில் பழைய மரப்பலகையைக் கழற்றி, எம்.சி.பி.களும் ஆர்.சி.சி.பி.யும் பொருத்திய புதுப் பெட்டியை மாட்டி, டெஸ்டர் எரிகிறதா என்று பார்த்துவிட்டுக் கூலியுடன் விடைபெறுகிறார். என் வீட்டிலும் அவ்வாறே நடந்தது.

மறுநாள் விடியலுக்கு முன், உளூச் செய்யத் தண்ணீர் வேண்டி என் தாயார் மோட்டார் சுவிட்சைப் போட்டதும் வீடு முழுவதும் இருண்டது. ஆர்.சி.சி.பி. விழுந்திருந்தது. தூக்கிவிட்டு மீண்டும் மோட்டாரைப் போட்டால் மீண்டும் விழுந்தது. காலையில் வந்த வயர்மேன், "ஹஜ்ரத், பழைய வீட்டிலே இது இப்படித்தான் விழுந்துக்கிட்டே இருக்கும். இதைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுத்துடட்டுமா?" என்று கேட்டார். நானும் தலையசைக்க இருந்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. கலைப்பட்டம் பெற்றவனுக்கு ஆம்பியரும் ஓமும் பள்ளிக்கூடத்தோடு கழிந்துபோன சங்கதிகள்.

தடுத்தவர் எனக்கு மாமா முறையாகும் பெரியவர் ஒருவர். நெடுங்காலம் வயரிங் தொழிலில் இருந்து ஓய்ந்தவர். "மாப்பிள்ளை, பெட்டி மேலே குற்றம் இல்லை. உன் வீட்டுக் கம்பியைப் பற்றி அது ஏதோ சொல்லுது. கேட்டுட்டு அப்புறம் கழற்று" என்றார். மாலையில் தம்முடைய மெகரையும் மீட்டரையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அவர் செய்தவற்றைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பெட்டி மாற்றும் எவரும் மின்சாரத்தைத் திரும்பக் கொடுப்பதற்கு முன் செய்திருக்க வேண்டியவை அவை.

முதலில் மெயினை நிறுத்தினார். நிறுத்திய பின்னும் நம்பாமல், ஹோல்டரில் மாட்டிய பல்பின் இரு கம்பிகளை வைத்துப் பார்த்தார். டெஸ்டர் அருகிலுள்ள கம்பியின் தூண்டலாலும் மினுக்கும். சில வேளை உயிருள்ள கம்பியிலும் எரியாமல் ஏமாற்றும். பழைய பலகைகளில் நியூட்ரலுக்கும் ஒரு ஃபியூஸ் வைத்திருப்பார்கள். அது போய்விட்டால் விளக்கெல்லாம் அணைந்துவிடும். ஆனால் ஃபேஸ் கம்பியில் மின்சாரம் அப்படியே நிற்கும். கரண்ட் இல்லை என்று எண்ணிக் கைவைத்தவர்கள் உண்டு.

அடுத்து எர்த் கம்பி. ஒவ்வொரு மூன்று முனை பிளக்கிலும் மேலே உள்ள பெரிய துளையிலிருந்து பெட்டியின் எர்த் பட்டை வரை கம்பி அறுபடாமல் வருகிறதா என்று மீட்டரில் பார்த்தார். நல்ல தொடர்பானால் ஓர் ஓமுக்குச் சற்று முன்பின்னாகக் காட்டும். அடுக்களையில் சரியாக இருந்தது. மோட்டார் பலகையில் முள் அசையவே இல்லை. பலகையைக் கழற்றினால், பச்சைக் கம்பி பூச்சுக்குள் வெட்டுண்டு கிடந்தது. வீடு கட்டிய நாள் முதல் எவரும் அதை இணைக்கவில்லை. துளை மூன்று இருந்ததால் எர்த் இருக்கிறது என்று நாங்கள் இத்தனை காலம் நம்பியிருந்தோம்.

பின்னர் மெகர். 500 வோல்ட் கொடுத்துக் கம்பியின் மேலுறை எவ்வளவு தாங்குகிறது என்று அளக்கும் கருவி அது. அதற்கு முன் பல்புகளைக் கழற்றி, குளிர்பெட்டி, தொலைக்காட்சி எல்லாவற்றின் பிளக்குகளையும் உருவிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவற்றின் உள்ளே இருக்கும் மின்னணுப் பாகங்கள் கெட்டுவிடும். வீட்டு வயரிங்கிற்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 732இன் 1989ஆம் ஆண்டுப் பதிப்பு ஒரு கணக்குச் சொன்னது. 50ஐ அந்தச் சுற்றிலுள்ள பாயிண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் மெகோம் அளவாவது இருக்க வேண்டும். ஆனால் வீடு முழுமைக்கும் ஒரு மெகோமுக்கு மேல் வற்புறுத்த வேண்டியதில்லை. எங்கள் வீட்டு விளக்குக் கம்பிகள் அந்த அளவைத் தாண்டி நின்றன. மோட்டாருக்குப் போகும் கம்பியோ, பத்தில் ஒரு மெகோமைக்கூடத் தொடவில்லை. குளியலறைச் சுவரை ஊடுருவிச் செல்லும் இடத்தில் உறை வெடித்து, ஊறிய சுவரில் செம்பு பட்டுக்கொண்டிருந்தது.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். உறை கெட்ட கம்பி. எர்த் இல்லாத மோட்டார். ஈரக் கையோடு நாள்தோறும் அந்தக் குழாயைத் தொடுபவர் எழுபதைக் கடந்த என் தாயார். கம்பி கெட்டதை அறிவித்த ஒரே கருவியைத்தான் நான் கழற்றச் சொல்ல இருந்தேன்.

"முன்பு பீங்கான் ஃபியூஸ் இருந்தபோது இப்படி விழவில்லையே" என்று சொல்லாத வீடில்லை. 5 ஆம்பியர் ஃபியூஸ் என்பது 5000 மில்லி ஆம்பியர். கம்பி சூடேறித் தீப்பற்றாமல் காப்பதற்காக அமைந்தது அது. மனித உடலின் வழியே 30 மில்லி ஆம்பியருக்கு மேல் சற்று நேரம் ஓடினாலே இதயத் துடிப்புக் குலையக்கூடும். அதனால்தான் மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் வீடுகளுக்கான கசிவுத் தடுப்புக் கருவிக்கு 30 மில்லி ஆம்பியரை உச்ச வரம்பாகக் குறித்துள்ளன. அந்த அளவு கசிவு ஃபியூஸுக்கும் எம்.சி.பி.க்கும் தெரியவே தெரியாது.

எர்த் குழி இருக்கிறதே என்று சிலர் ஆறுதல் கொள்வர். கரியும் உப்பும் இட்டு வைத்த குழி 10 ஓம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட் அதில் இறங்கினால் ஓடுவது 23 ஆம்பியர். 32 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு அசையாது. குளிர்பெட்டியின் இரும்பு உடலில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். ஆகவே குழியும் வேண்டும், ஆர்.சி.சி.பி.யும் வேண்டும்.

ஆர்.சி.சி.பி.யில் உள்ள சோதனைப் பொத்தானைப் பற்றியும் ஒரு மயக்கம் நிலவுகிறது. அதை அழுத்தி விழுந்துவிட்டால் எல்லாம் சரி என்று பொருளன்று. உள்ளிருக்கும் பொறி வேலை செய்கிறது என்பதே பொருள். எர்த் கம்பியே இல்லாத வீட்டிலும் அப்பொத்தான் வேலை செய்யும். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். எர்த்தைத் தனியே அளக்கச் சொல்லுங்கள்.

கசிவே இல்லாமலும் அது விழுவதுண்டு. நம் வீடுகளில் பெருங்காரணம் இன்வெர்ட்டர். இன்வெர்ட்டர் விளக்குகளின் நியூட்ரலை எங்கோ ஒரு பொதுக் கம்பியில் முடிந்து வைத்திருப்பார்கள். ஆர்.சி.சி.பி. வழியாகப் போன மின்சாரம் வேறு வழியாகத் திரும்பினால், போனதும் வந்ததும் ஒத்துவராமல் அது விழுந்துவிடும். நியூட்ரல்களைப் பிரித்து உரிய இடத்தில் சேர்ப்பது ஒரு நாள் வேலை. வயர்மேன்கள் அலுத்துக்கொண்டு கருவியையே நீக்கிவிடுவது இதனால்தான்.

நம் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குப் பிரான்சில் உறவினர் உண்டு. அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அங்கே 15 ஆண்டுகளுக்கு மேற்பட்ட மின்னமைப்புள்ள வீட்டை விற்பதானால், மின் சோதனை அறிக்கையை இணைத்தாக வேண்டும். 2009 முதல் இது சட்டம். நம்மிடமும் புதிய இணைப்புப் பெறும்போது சோதனை அறிக்கை கேட்கிறார்கள். அதன்பின் பெட்டியை எத்தனை முறை மாற்றினாலும் பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியவர் வீட்டுக்காரர்தான்.

ஆகவே வேலையைத் தொடங்கும் முன்பே உரிமம் பெற்ற வயர்மேனிடம், "மெகர் இருக்கிறதா? எர்த் அளப்பீர்களா? அளவுகளை எழுதித் தருவீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். சோதனைக்குத் தனிக் கூலி கேட்டால் கொடுத்துவிடுங்கள். அது நியாயமான கூலி. மீட்டருக்கு முன்னாலுள்ள ஃபியூஸை மட்டும் மின்துறை ஊழியரைக் கொண்டே கழற்றச் செய்ய வேண்டும்.

எங்கள் வீட்டில் மோட்டாருக்குப் புதுக் கம்பி இழுத்து, பச்சைக் கம்பியை எர்த் பட்டையோடு சேர்த்தபின் மாமா மறுபடியும் அளந்தார். பிறகு பிள்ளையின் நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, தேதியும் ஒவ்வொரு கம்பியின் அளவும் எழுதி, பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டினார். மோட்டார் வரிசையில் 200 மெகோம் என்றிருக்கிறது. கீழே அடுத்த சோதனைக்காக ஒரு வரிசையைக் காலியாக விட்டிருக்கிறார்.