முதல் குடம் செம்பருத்திக்கு!

ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும் தெருவா உங்களுடையது? அப்படியானால், குழாயைத் திறந்ததும் வரும் முதல் குடத்தைக் குடிக்க வைத்துக்கொள்ளாதீர்கள்.

குளோரின் கலந்துதான் தண்ணீர் விடுகிறார்கள். ஆனால் பல தெருக்களில் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் ஒட்டியே ஓடுகின்றன. தண்ணீர் வேகமாக வரும்வரை, குழாயில் விரிசல் இருந்தாலும் வெளியேதான் கசியும். நிறுத்தியதும் குழாய் காலியாகிறது. அதே விரிசல் வழியே சாக்கடை நீர் உள்ளே இறங்கிவிடும். மோட்டார் போட்டு உறிஞ்சினால் கேட்கவே வேண்டாம்! அடுத்தமுறை தண்ணீர் விடும்போது முதலில் வருவது அதுதான். கலங்கலாக வந்தால் கண்டுபிடித்துவிடலாம். தெளிவாக வந்தால்?

காலரா சில நாட்களுக்குள் காட்டிக்கொடுத்துவிடும். டைபாய்டுக்கு ஒன்று முதல் மூன்று வாரம் ஆகலாம். தண்ணீரால் பரவும் ‘ஏ’ வகை மஞ்சள் காமாலைக்குச் சராசரியாக 4 வாரம். அதனால்தான் நேற்றுச் சாப்பிட்ட பரோட்டாவைத் திட்டுகிறோம். போன மாதத்துக் குடம் நினைவுக்கே வருவதில்லை.

அடுத்தடுத்த குடங்களையும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். வெதுவெதுப்பு போதாது, தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கட்டும். ஆறியபின் டம்ளரைக் கையோடு உள்ளே முக்கினால் (எங்கள் வீட்டிலும் நடக்கும் கூத்துதான்) செலவழித்த கேஸ் வீண். குழாய் வைத்த பாத்திரமோ, நீளக் காம்புள்ள கரண்டியோ போதும்.

முதல் குடத்தைக் கொட்ட மனம் வரவில்லையா? செம்பருத்திக்கு ஊற்றுங்கள். கொத்தமல்லித் தொட்டிக்கு வேண்டாம்; அதைப் பச்சையாகத்தானே ரசத்தில் தூவுகிறோம்!