வாடகைக்காரர் காலி செய்தால் வீடு இடியலாமா?

லினக்ஸில் ஒருநாள், "பைத்தான் எதற்கு நமக்கு?" என்று நீக்கப்போனேன். கேட்ட கேள்வியைப் படிக்காமலே 'ஒய்' தட்டினேன். அதை நம்பியிருந்த டெஸ்க்டாப்பும் சேர்ந்து போய்விட்டது. பேரன் படங்களை மறுபடி பார்க்க இரண்டு நாளாயிற்று. தப்பு என்னுடையதுதான்.

இப்போது ஃப்ரீபிஎஸ்டி 14-க்கு மாறிவிட்டேன். இங்கே அடிப்படை சிஸ்டம் தனி. நாம் போடும் பேக்கேஜ்கள் தனியாக 'யூஎஸ்ஆர் லோக்கல்' ஃபோல்டரில் போய் உட்காரும். முன்னதைப் புதுப்பிக்க 'ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட்', பின்னதற்கு 'பிகேஜி'. இரண்டு கட்டளை எதற்கு என்று முதலில் அலுத்துக்கொண்டேன். பிறகுதான் புரிந்தது. பேக்கேஜ்கள் அத்தனையையும் நீக்கினாலும், வெறும் கறுப்புத் திரையாகவாவது கணினி பூட் ஆகும்; விஐ எடிட்டர் இருக்கும், மீண்டும் தொடங்கலாம்.

என்னைப் போன்ற அவசரக்காரர்களுக்கு, இந்த வயதில் கூடுதலாக ஒரு கட்டளை மனப்பாடம் செய்வது தகும்.