ராலி காரைக் கட்டிப் பார்!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று சொன்ன பெரியவர்கள் மூன்றாவதாக ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். ராலி காரைக் கட்டிப் பார்! முதல் இரண்டிலாவது கடைசியில் ஒரு வீடும் ஒரு துணையும் மிஞ்சும். மூன்றாவதில் பெரும்பாலும் மிஞ்சுவது தார்ப்பாய் போட்டு மூடிய, பாதி பிரித்த கார் ஒன்றும், பில் கட்டு ஒன்றும்தான்.

இந்திய தேசிய ராலி சாம்பியன்ஷிப் 1988-இல் தொடங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை இந்த விளையாட்டுக்குள் நுழைய ஆசைப்படுகிற பையன்களுக்கு ஒரே உபதேசம்தான் கிடைக்கிறது. "ரெடிமேட் ராலி கார் எல்லாம் பணக்காரனுக்கு. நீ ஒரு பழைய காரை வாங்கு. கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டு. பாதி செலவில் முடியும்." கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஏழைக்கு இரங்குகிற தொனி வேறு. ஆனால் இந்த உபதேசத்தால் அதிகம் அடிபடுகிறவன் அந்த ஏழைதான். பணக்காரன் கட்டித் தோற்றால் அடுத்த காரை வாங்கிக்கொள்வான். மாதச் சம்பளக்காரன் கட்டித் தோற்றால் ஒரு ஸ்டார்ட் லைனைக்கூடப் பார்க்காமல் விளையாட்டை விட்டே போய்விடுவான்.

ராமுவும் சோமுவும்

பாடப்புத்தகத்து ராமுவையும் சோமுவையும் கூப்பிட்டுக்கொள்வது நல்லது. இருவரிடமும் ஆளுக்கு 8 லட்சம் ரூபாய் இருக்கிறது. (கீழே வருபவை கணக்கு புரிவதற்காக வைத்துக்கொண்ட எண்கள். விலைப்பட்டியல் அல்ல. ஊருக்கு ஊர், காருக்குக் கார் மாறும்.)

ராமு கட்டுகிறான். அவன் ஒரு தாளில் எழுதிய பட்ஜெட் இது:

பழைய ஹேட்ச்பேக் கார் - 1.5 லட்சம்
ரோல் கேஜ் - 1.2 லட்சம்
சீட், பெல்ட், தீயணைப்பான் - 1.3 லட்சம்
சஸ்பென்ஷன் - 1 லட்சம்
இன்ஜின், கியர்பாக்ஸ் வேலை - 1 லட்சம்
மொத்தம் - 6 லட்சம்

"பார்த்தியா, இன்னும் 2 லட்சம் கையில் இருக்கு" என்கிறான் ராமு. பாவம், அந்தத் தாளில் இல்லாதவைதான் அவனைச் சாப்பிடப் போகின்றன. கல் அடியிலிருந்து இன்ஜினைக் காக்கும் சம்ப் கார்டு, உதிரிச் சக்கரங்கள், ராலி டயர்கள், கோ-டிரைவரோடு பேச இன்டர்காம், தூரம் காட்டும் டிரிப் மீட்டர், வயரிங் மாற்றம், தப்பாக வாங்கித் திருப்பிக் கொடுக்க முடியாமல் போன சாமான்கள், ஒருமுறை செய்து மறுபடி பிரித்துச் செய்த வேலைக்குக் கொடுத்த கூலி... இதெல்லாம் ஒரு 2 லட்சம். ஆக 8 லட்சமும் காலி. கார் தயார். என்ட்ரி ஃபீஸ் கட்ட மட்டும் பணம் இல்லை!

சோமு வாங்குகிறான். இன்னொரு ராமு 8 லட்சம் போட்டுக் கட்டிய காரை 4 லட்சத்துக்கு வாங்குகிறான். 1 லட்சம் செலவழித்துப் பெல்ட் மாற்றி, சர்வீஸ் செய்து, தேய்ந்ததைச் சரிபார்க்கிறான். கையில் இன்னும் 3 லட்சம். அது டயர், பெட்ரோல், என்ட்ரி ஃபீஸ், சர்வீஸ் பையன்களின் சாப்பாடு என்று போகிறது. போகட்டும், அவன் ஓட்டிக்கொண்டிருக்கிறான் அல்லவா!

இரண்டு வருடம் கழித்து இருவரும் காரை விற்கிறார்கள். ராமுவுக்கு 4 லட்சம் கிடைக்கிறது. நஷ்டம் 4 லட்சம். சோமுவுக்கு 3.5 லட்சம். நஷ்டம் 1.5 லட்சம். சோமுவுக்குக் கிடைத்த தள்ளுபடி வானத்திலிருந்து விழவில்லை. அது முதல் ராமுவின் நஷ்டம். எந்தப் பக்கம் நிற்பது என்பதுதான் கேள்வி.

பாதி விலை ஏன்?

கட்டியவர்கள் எல்லாம் இங்கேதான் கொதிப்பார்கள். "8 லட்சம் போட்ட காரை 4 லட்சத்துக்கு எவன் கொடுப்பான்?"

கொடுக்கத்தான் வேண்டியிருக்கும். ராலி காருக்குச் சந்தை மிகச் சின்னது. குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிறவர் பின் சீட் இல்லாத காரை வாங்க மாட்டார். பேங்கில் கடன் வாங்கி வாங்குகிற சமாச்சாரமும் இல்லை. வாங்குகிறவன் பார்ப்பது கார் இன்றைக்கு என்ன நிலையில் இருக்கிறது என்பதை மட்டும்தான். ராமு எத்தனை ஞாயிற்றுக்கிழமை காரின் அடியில் படுத்துக் கிடந்தான் என்பதற்கு அவன் ஒரு பைசா தரமாட்டான். தரவும் கூடாது.

2012-இல் மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோசோன், டான் ஏரியலி ஆகிய மூவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதற்கு 'ஐக்கியா எஃபெக்ட்' என்று பெயர். காகிதத்தில் உருவங்கள் மடிக்கச் சொல்லிப் பார்த்தால், மடித்தவர்கள் தங்கள் கோணல்மாணல் உருவத்துக்கு மற்றவர்களைவிட மிக அதிக விலை தரத் தயாராக இருந்தார்கள். தன் கை பட்டால் தகரமும் தங்கம்! ராமுவின் மனசில் இருக்கும் 8 லட்சம் அந்த வகை விலைதான்.

"என் உழைப்பு ஃப்ரீதானே?"

காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'செய்வதா, வாங்குவதா' என்றே ஒரு பாடம் உண்டு. அதில் வரும் விதி சுலபமானது. சும்மா கிடக்கிற இயந்திரமும் ஆளும் இருந்தால், நீயே செய்வதில் கூடுதலாக ஆகும் செலவை வாங்கும் விலையோடு ஒப்பிட்டுப் பார். அதே ஆளையும் நேரத்தையும் வேறு வேலைக்குப் பயன்படுத்த முடியுமானால், அந்த வேலையில் இழந்ததையும் செலவில் சேர்.

ராமுவுக்குச் சும்மா கிடக்கிற லேத் இல்லை, வெல்டிங் மெஷின் இல்லை, லிஃப்ட் இல்லை. எல்லாம் வாடகை அல்லது ஓசி. அவனுடைய நேரத்துக்கு மாற்றுப் பயன் உண்டு. ஓட்டிப் பழகலாம். கோ-டிரைவரோடு உட்கார்ந்து பேஸ் நோட்ஸ் எழுதப் பழகலாம். ராலி ஓட்டுவது ஸ்டேஜில்தான் வரும். ஸ்பேனர் பிடித்த கை தானாக ஸ்டியரிங் பிடித்துவிடாது. 22 வயதில் தொடங்கிய கார் 25 வயதில் முடிந்தால், அந்த மூன்று வருடம் எந்தப் பேரேட்டிலும் வராத செலவு. அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு.

ஒரு விதிவிலக்கை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அப்பாவுக்கே பட்டறை இருக்கிறது, வெல்டரும் மெக்கானிக்கும் மாதச் சம்பளத்தில் இருக்கிறார்கள், மழைக்காலத்தில் வேலை குறைவு என்றால் கணக்கு மாறும். அந்தப் பையன் கட்டட்டும். அதேபோல் ஓட்டுவதைவிடக் கட்டுவதில்தான் சந்தோஷம் என்கிறவரும் கட்டட்டும். அது அவருடைய பொழுதுபோக்கு. ஆனால் பொழுதுபோக்கைச் சிக்கனம் என்று பெயர் மாற்றி அடுத்தவனுக்கு விற்கக்கூடாது.

500 டாலர் கதை

கட்டும் கோஷ்டியின் கையில் ஒரு பிரம்மாஸ்திரம் உண்டு. பில் காஸ்வெல் என்ற அமெரிக்கர், விளம்பரம் பார்த்து 500 டாலருக்கு வாங்கிய பழைய பி.எம்.டபிள்யூ காரை 2010-இல் மெக்சிகோ ராலிக்குக் கொண்டுபோனார். உலக சாம்பியன்ஷிப் சுற்று அது. தன் பிரிவில் மூன்றாவதாக வந்தார்!

அருமையான கதை. கைதட்ட வேண்டிய கதை. ஆனால் 500 டாலர் என்பது வாங்கிய காரின் விலை. ஓட்டிய காரின் விலை அல்ல. கேஜும் சீட்டும் பெல்ட்டும் சஸ்பென்ஷனும் 500 டாலருக்குள் வராது. தவிர, பெரும்பாலான வேலையைத் தன் கையாலேயே செய்யத் தெரிந்த மனிதர் அவர். ஆயிரம் பேர் கட்டிப் பாதியில் விட்டதை யாரும் செய்தியாகப் போடுவதில்லை. லாட்டரியில் விழுந்தவனின் போட்டோ மட்டும்தான் கடை வாசலில் தொங்கும்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்கலாம். 2003-இன் உலக சாம்பியன் பெட்டர் சோல்பெர்க். 2008 டிசம்பரில் சுபாரு நிறுவனம் போட்டியிலிருந்து விலகியதும் அவருக்கு வேலை போயிற்று. அவர் கேரேஜில் உட்கார்ந்து புதிதாக ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை. சொந்த அணி தொடங்கி, வழக்கொழிந்த சிட்ரோயன் ஸாரா காரை எடுத்துக்கொண்டு 2009 சீசனுக்கு வந்துவிட்டார். சைப்ரஸில் மூன்றாமிடம். உலக சாம்பியனுக்கே இன்னொருவரின் பழைய கார் கௌரவக் குறைச்சலாக இல்லை!

உயிர் விஷயம்

பணத்தை விடுவோம் என்றாலும் விட முடியாத இடம் ஒன்று இருக்கிறது. ரோல் கேஜ். ஃபியா விதிப்படி அதன் பிரதான வளைவு 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் தடிப்பும், அல்லது 50-க்கு 2 மில்லிமீட்டரும் இருக்க வேண்டும். தையல் இல்லாத, குளிர்நிலையில் இழுத்த எஃகுக் குழாயாக இருக்க வேண்டும். காரின் உடலோடு சேரும் இடத்தில் குறைந்தது 3 மில்லிமீட்டர் தடிப்பும் 120 சதுர சென்டிமீட்டர் பரப்பும் உள்ள வலுத் தகடு வேண்டும். கேட்டும் ஜன்னல் கிரில்லும் அடிக்கிற பட்டறையில் கிடக்கிற பைப் இதற்கு ஆகாது. குழாயும் குழாயும் சேருகிற இடத்தில் சுற்றளவு முழுக்க வெல்டிங் வர வேண்டும். கூரையை ஒட்டிய மேல்பக்கத்துக்குள் டார்ச் நுழையாது. தெரிந்தவர்கள் தரையில் ஓட்டை போட்டுக் கேஜைக் கீழே இறக்கி, மேலே பற்றவைத்து, மறுபடி தூக்கி நிறுத்துவார்கள். தெரியாதவர்கள் கண்ணுக்குத் தெரிகிற பக்கத்தை மட்டும் பற்றவைத்துப் பெயின்ட் அடித்துவிடுவார்கள்.

பட்ஜெட் தீர்ந்துபோன ராமு எங்கே மிச்சம் பிடிப்பான்? வெளியே தெரியாத இடத்தில்தான். ஸ்க்ரூட்டினியில் குழாயின் அளவைப் பார்த்துவிடலாம். வெல்டிங் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பது பெயின்டுக்கு மேலே தெரியாது. பக்கத்து சீட்டில் நோட்ஸ் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கோ-டிரைவருக்கும் தெரியாது. அவன் நம்பி ஏறுகிறான்!

"வாங்குகிற காரில் மட்டும் கேஜ் ஒழுங்காக இருக்குமா?" நியாயமான கேள்வி. இருக்காமலும் போகலாம். ஆனால் வாங்குகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. கட்டின வீட்டுக்குக் குறை சொல்வது சுலபம். அந்தச் சுலபம்தான் இங்கே பலம்.

1. கேஜ் யார் செய்தது, என்ன குழாய் என்று எழுத்தில் கேட்கலாம். விவரம் தெரிந்தவரைக் கூட்டிப்போய் ஒவ்வொரு இணைப்பின் மேல்பக்கத்தையும் தடவிப் பார்க்கலாம்.
2. பெல்ட் லேபிளில் காலாவதி வருடம் இருக்கும். பழைய 8853/98 தரத்துக்கு ஆயுள் 5 வருடம். புதிய 8853-2016 தரத்துக்கு 10 வருடம். 8855-1999 தர சீட்டுக்கு 5 வருடம். முடிந்திருந்தால் அந்தத் தொகையை விலையில் கழிக்கலாம்.
3. எந்தெந்த ராலியில் ஓடியது, எத்தனை முடித்தது என்று பார்க்கலாம். முடித்த கார் தன்னை நிரூபித்த கார்.
4. ஸ்டேஜுக்கும் ஸ்டேஜுக்கும் நடுவே பொதுச் சாலையில் ஓடியாக வேண்டும். ஆர்.சி. புத்தகமும் பெயர் மாற்றமும் சுத்தமாக இல்லையென்றால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடலாம்.

பிடிக்கவில்லையென்றால் நடையைக் கட்டலாம். தான் கட்டிய காரை விட்டு ராமுவால் அப்படி நடக்க முடியுமா? "இவ்வளவு போட்டாச்சே" என்று இன்னும் போடுவான். போன பணத்துக்காக இருக்கிற பணத்தை அனுப்புவதைத்தான் 'சங்க் காஸ்ட்' பாடத்தில் கூடாது என்று சொல்லித் தருகிறார்கள்.

இன்னொன்று. சாதாரண மோட்டார் இன்சூரன்ஸ் பாலிசி, ஏற்பாடு செய்த பந்தயத்தில் ஓட்டுவதற்குப் பொருந்தாது. ஸ்டேஜில் மரத்தில் மோதினால் முழுப் பணமும் மண்ணில். 8 லட்சத்தை மண்ணில் போடுவதா, 5 லட்சத்தைப் போடுவதா?

கோவை என்ன சொல்கிறது?

"அப்படியென்றால் கோயம்புத்தூர்க்காரர்கள் கட்டித்தானே பேர் வாங்கினார்கள்? கரிவர்தன் கட்டவில்லையா?"

கட்டினார். எதைக் கட்டினார் என்பதைப் பார்க்க வேண்டும். 1995-இல் மறைந்த எஸ்.கரிவர்தன், மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரை உருவாக்கினார். தன் ஒருவருக்காக, ஒற்றைக் காராக அல்ல. ஒரே மாதிரியாகப் பல கார்கள், மற்றவர்கள் ஏறி ஓட்டுவதற்காக. கட்டத் தெரிந்தவர் கட்டினார், ஓட்டத் தெரிந்தவர்கள் ஓட்டினார்கள். நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஸ்ரீபெரும்புதூரில் ஓட்டியது ஒரு ஃபார்முலா மாருதியில்தான். 2005-இல் அவர் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார். சின்ன வயதில் அவரை வெல்டிங் மெஷின் முன்னால் உட்கார வைத்து "முதலில் காரைக் கட்டு தம்பி" என்று சொல்லியிருந்தால்?

ஃபியாவும் அதையேதான் செய்தது. 2013-இல் ஆர்5 பிரிவு வந்தபோது, தயாரிப்பாளர்கள் விற்கும் காருக்கு 1,80,000 யூரோ என்று உச்சவரம்பு வைத்தது. செலவைக் குறைக்க வழி, விற்கிற காரின் விலைக்குக் கடிவாளம் போடுவதுதான் என்று புரிந்துகொண்டது. நம் ஊர் ஆட்டத்துக்கும் தேவை அந்த வகை ஏற்பாடுதான். ஓடி முடித்த கார்களை மறைக்காமல் விவரத்தோடு விற்கும் பழக்கம், நியாயமான வாடகைக்குக் கார் கொடுக்கும் அணிகள், கேஜுக்கு எழுத்தில் சான்று. இவை வந்தால் சம்பளக்காரப் பையன் உள்ளே வருவான்.

அதுவரைக்கும் அவனிடம் "கட்டிப் பார்" என்று தோளில் தட்டிச் சொல்கிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். உங்கள் கார் கட்டி முடித்து எத்தனை ராலி ஓடியிருக்கிறது, அண்ணே?