3.3 ஓமா, 3.9 ஓமா?

தலைப்பைப் பார்த்ததும் "இது எலெக்ட்ரானிக்ஸ்காரர்கள் சமாச்சாரம்" என்று நம் காமர்ஸ் வகுப்பு மக்கள் ஓடிவிட வேண்டாம். முக்கால்வாசி காசு விஷயம்தான். நம் வீட்டு எல்இடி பல்பு ஏன் சீக்கிரம் சாகிறது என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது.

முதலில் அடிப்படை. எல்இடிக்கு இத்தனை வோல்ட் என்று கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. வோல்டேஜ் கொஞ்சம் ஏறினாலே கரண்ட் எக்கச்சக்கமாக ஏறும். சூடானால் அதே வோல்டேஜிலேயே இன்னும் அதிகமாக இழுக்கும். அதனால் கரண்டை ஒரே அளவில் பிடித்து வைக்கும் சர்க்யூட் வேண்டும். இதற்கு எளிதான வழி எல்எம்317 என்ற மூன்று கால் ஐசி. தன் அவுட்புட் காலுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவில் எப்போதும் 1.25 வோல்ட் இருக்கும்படி அது பார்த்துக்கொள்ளும். அந்த இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டரைப் போட்டு, அட்ஜஸ்ட் கால் பக்கத்திலிருந்து எல்இடிக்கு இணைப்பு எடுத்தால், 1.25ஐ ரெசிஸ்டர் மதிப்பால் வகுத்து வருவதுதான் கரண்ட். சூத்திரம் அவ்வளவுதான்.

1 வாட் எல்இடிக்கு வழக்கமாகச் சொல்லும் கரண்ட் 350 மில்லி ஆம்பியர். 1.25ஐ 0.35ஆல் வகுத்தால் 3.57 ஓம். கடையில் போய் 3.57 ஓம் கேட்டால் மேலும் கீழும் பார்ப்பார்கள் :-) சாதாரணமாகக் கிடைக்கும் இ12 வரிசையில் 3.3 இருக்கிறது, அதை விட்டால் 3.9.

எது கிட்டத்தில் இருக்கிறது என்று பார்த்தால் 3.3. பள்ளிக்கூடக் கணக்குப்படி அதுதான் விடை. ஆனால் அதைப் போட்டால் ஓடுவது 379 மில்லி ஆம்பியர், அளவைவிட 8 சதவீதம் கூடுதல். 3.9 போட்டால் 320.

இ24 வரிசையில் 3.6 ஓம் இருக்கிறதே, 347 வருமே என்று கேட்பீர்கள். காகிதத்தில் சரி. ஆனால் அந்த 1.25 வோல்ட் என்பது ஐசிக்கு ஐசி 1.20 முதல் 1.30 வரை மாறலாம். ரெசிஸ்டரும் 5 சதவீதம் முன்னே பின்னே இருக்கும். இரண்டும் மோசமான பக்கம் சேர்ந்தால் 3.6 ஓமில் 380 மில்லி ஆம்பியர் ஓடும். அதே மோசமான நிலையிலும் 3.9 ஓமில் 351தான்! ஆகவே என் கட்சி 3.9. கூடவே ரெசிஸ்டரின் வாட்டையும் பாருங்கள். அதில் 0.4 வாட் சூடாகவே போகிறது. கால் வாட் கருகிவிடும், அரை வாட் விளிம்பில் நிற்கும், 1 வாட் போட்டால் நிம்மதி.

இதில் நஷ்டம் என்ன? வெளிச்சம் ஏறக்குறைய 8 சதவீதம் குறையும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒழிய கண்ணுக்குத் தெரியாது. லாபம், எல்இடி குறைவாகச் சூடாகும், அதிக நாள் உழைக்கும்.

இனி காசு விஷயம். கடையில் வாங்கும் பல்புக்குள்ளும் கரண்டைத் தீர்மானிப்பது பல சமயம் இப்படி ஒரு குட்டி ரெசிஸ்டர்தான். அதன் மதிப்பைக் குறைத்தால் கொஞ்சம் எல்இடியை வைத்தே நிறைய வெளிச்சம் எடுக்கலாம். தயாரிப்புச் செலவு குறையும், பல்பு சூட்டில் வேகும், சீக்கிரம் போகும், நாம் மறுபடி வாங்குவோம். ரெசிஸ்டர் விலை இரண்டு பக்கமும் ஒன்றுதான். மாறுவது யார் பாக்கெட்டிலிருந்து காசு போகிறது என்பது மட்டும்.

1924ல் பிலிப்ஸ், ஆஸ்ராம் உள்ளிட்ட கம்பெனிகள் ஃபீபஸ் என்ற கூட்டணி அமைத்து, குண்டு பல்பின் ஆயுளை 1000 மணி நேரத்துக்குள் அடக்கின. கூடுதலாக உழைக்கும் பல்பு செய்த கம்பெனிக்கு அபராதம்! அதே பிலிப்ஸ் 2016ல் துபாய் நகராட்சி கேட்டதற்காக, நிறைய எல்இடி வைத்து குறைந்த கரண்டில் ஓட்டும் பல்பைச் செய்து கொடுத்தது. ஒரு வாட்டுக்கு 200 லூமென். ஆக, தொழில்நுட்பம் இல்லாமல் இல்லை. கேட்க ஆள் இருந்தால் கிடைக்கிறது.

"பளிச்சென்றும் மலிவாகவும் வேண்டும் என்று நாம்தானே கேட்கிறோம்" என்பார்கள். உண்மைதான். ஆனால் எல்இடியை அதன் உச்ச அளவில் எத்தனை சதவீதத்தில் ஓட்டுகிறார்கள் என்று அட்டைப்பெட்டியில் போட்டால்தானே நாம் கணக்குப் பார்த்து வாங்க முடியும்? அதைப் போட வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை ஒரு வழி சொல்கிறேன். ஒரே லூமென் தரும் இரண்டு பல்பு இருந்தால் குறைந்த வாட் உள்ளதை எடுங்கள். அதில் சூடாகப் போவது குறைவு, கரண்டும் பெரும்பாலும் அடக்கமாகவே இருக்கும்.

சொந்தமாக சர்க்யூட் செய்கிறவர்களுக்கு இன்னும் சுலபம். கணக்கில் வந்த மதிப்பு கடையில் இல்லையா? கிட்டத்தில் இருப்பதைத் தேடாதீர்கள், மேலே இருப்பதை எடுங்கள்.