நம் தெருவுக்கு ஒரு கணினி: கழற்றிப் பார்க்கத் தயங்காதீர்கள்



மண்டபத்தூர் மாணவர்கள் சிலர் கேட்ட கேள்விக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். "ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு படிப்பகத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கலாம்னு இருக்கோம். தவணையில லேப்டாப் எடுக்கலாமா, பாகம் பாகமா வாங்கி நாமளே அசெம்பிள் பண்ணலாமா?"

அசெம்பிள் பண்ணுங்கள். விலை ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது.

"எல்லார் கையிலும்தான் போன் இருக்கிறதே, கணினி எதற்கு?" என்பார்கள். போனில் பாடம் பார்க்கலாம். ஆனால் பத்துப் பக்க ஆய்வுக் கட்டுரை எழுத, தகவல் உரிமைச் சட்ட மனு தயாரிக்க, புரோகிராம் எழுதிப் பழகக் கணினி வேண்டும். 2017-18இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்றுப்படி, கிராமப்புற இந்தியாவில் கணினி உள்ள குடும்பங்கள் நூற்றுக்கு 4.4 மட்டுமே. நகரத்தில் 23.4. இந்த நிலையில்தான் 2019இலிருந்து ஜே.இ.இ. மெயின் தேர்வு கணினியில் நடக்கிறது. வீட்டில் கணினி உள்ள பிள்ளையும், தேர்வறையில்தான் மவுஸை முதலில் தொடுகிற பிள்ளையும் ஒரே நேரத்தில் தேர்வைத் தொடங்குகிறார்கள். இதற்குத் 'தகுதி' என்று பெயர் வைக்கிறார்கள். நம் காரைக்கால் மாவட்டத்தில், திருவேட்டக்குடியில், தேசிய தொழில்நுட்பக் கழகம் நிற்கிறது. அதன் வாசலுக்கும் நம் தெருவுக்கும் உள்ள தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்க முடியாது.

இனி அந்தப் பெரிய காரணம். உழைப்பை நம் கையிலும் கருவியைப் பற்றிய அறிவை வேறொருவர் கையிலும் வைத்ததுதான் சாதி. திறக்கக் கூடாத பெட்டியாக ஒரு பொருள் நம்மிடம் வரும்போதும் அதுவே நடக்கிறது. பழுதானால் மூலையில் போடுகிறோம். பாகம் பாகமாக நாமே பூட்டிய டெஸ்க்டாப்பில் எது கெட்டாலும் அதை மட்டும் மாற்றலாம். எதை மாற்ற வேண்டும் என்று கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு அதுவே ஒரு தொழிலாகவும் ஆகலாம்.

வாங்கும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள். படிப்புக்கு கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை. ஆனால் ப்ராசஸருக்குள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்க வேண்டும். இன்டெல் ப்ராசஸரின் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் அது இருக்காது. தனி கார்டு இல்லாமல் திரையில் படம் வராது. ராம் 8 ஜி.பி.க்குக் குறைய வேண்டாம். டி.டி.ஆர்.4 மதர்போர்டில் டி.டி.ஆர்.5 ராம் பொருந்தாது. ஹார்டு டிஸ்க்கைவிட எஸ்.எஸ்.டி. பல மடங்கு வேகம். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். கேபினெட்டோடு சேர்த்துத் தரும் மலிவுச் சரக்கு, லேபிளில் உள்ள வாட்ஸைத் தராமல் போகலாம். எரியும்போது மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகலாம்.

புதியது கட்டுப்படியாகாவிட்டால், அலுவலகங்கள் கழித்துப்போட்ட கணினியை வாங்கலாம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14இல் நிறுத்தியது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகளிலும் லினக்ஸ் நன்றாகவே ஓடும். காசு கிடையாது, தமிழும் உண்டு.

நம்முடையது கடலோர ஊர். உப்புக் காற்று செம்பையும் தகரத்தையும் அரிக்கும். கடலைப் பார்த்த சன்னல் பக்கம் வைக்காதீர்கள். திடீரென்று கணினி திரை காட்டாவிட்டால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ராமைக் கழற்றி அதன் தங்க நிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துப் பாருங்கள். பல நேரம் உயிர் வந்துவிடும். படிப்பகத்தில் எர்த் ஒயர் உண்மையிலேயே மண்ணுக்குப் போகிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். புயல் மாதங்களுக்கு யு.பி.எஸ். அவசியம்.

கணினியை எங்கே வைக்கிறோம் என்பதும் அரசியல்தான். இளைஞர்கள் கூடும் திண்ணையில் வைத்தால் பெண் பிள்ளைகள் வர மாட்டார்கள். அவர்கள் வரக்கூடிய இடத்தில் வையுங்கள். வீட்டு வேலை முடிந்து அவர்கள் வர முடிகிற நேரத்தை அவர்களுக்கென்றே ஒதுக்குங்கள். ஸ்க்ரூடிரைவரையும் அவர்கள் கையில் கொடுங்கள்.

இது கனவு இல்லை. பெங்களூருவில் குரப்பனபாளையா பகுதிக் குடிசைவாழ் பிள்ளைகளுக்காகக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர் 'அம்பேத்கர் சமூகக் கணினி மையம்' நடத்தினார்கள். பிள்ளைகள் அங்கே லினக்ஸில் பழகினார்கள், கிம்ப் மென்பொருளில் படம் வரைந்தார்கள்.

"அப்படியானால் அரசுக்கு வேலை இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2011இல் தமிழ்நாட்டில் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது, எல்லைக்கு இந்தப் பக்கம் பிறந்த ஒரே காரணத்தால் அது நம் பிள்ளைகளுக்கு இல்லை. 1979-80இல் வந்த சிறப்புக் கூறுத் திட்டத்தின் நோக்கமே மக்கள்தொகை விகிதப்படி நமக்கு நிதி ஒதுக்குவதுதான். 2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் பட்டியல் சாதியினர் நூற்றுக்குப் பதினைந்துக்கும் மேல். அந்த நிதியிலிருந்து ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு கணினி அறை கேளுங்கள். அது பிச்சையல்ல, நம் பங்கு.

அரசு தரும் வரை காத்திருக்க வேண்டாம். நாமே வாங்கிவிட்டோம் என்று கேட்காமல் இருக்கவும் வேண்டாம். பூட்டிய கணினியில் முதலில் அடிக்கும் கடிதம் அந்தக் கோரிக்கை மனுவாக இருக்கட்டும்.

ஜெய் பீம்!