தேதி பார்த்துத் தள்ளிப் போடாதீங்க!

என் நாத்தனாருக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷனுக்கு டாக்டர் தேதி சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டம்மா, "மாதவிலக்கு முடிந்த கையோடு ஆபரேஷன் பண்ணினா ஆபத்தாம், தள்ளிப் போடு" என்று சொல்ல, அவள் காலண்டரும் கையுமா உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டரிடமே கேட்டேன். வெறும் வதந்தி இல்லையாம். 1991-ல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் டாக்டர் ராஜேந்திர பட்வே குழுவினர் 249 பெண்களின் பழைய பதிவேடுகளைப் பார்த்தார்களாம். விலக்கு தொடங்கி 3 முதல் 12 நாளுக்குள் ஆபரேஷன் ஆனவர்களில் 10 ஆண்டு உயிரோடு இருந்தவர்கள் 54 சதவீதம். மற்றவர்களில் 84 சதவீதம்! யாருக்குத்தான் பயம் வராது?

ஆனால், அது நடந்து முடிந்ததை வைத்துப் போட்ட கணக்கு. போன மாசத் தேதியே நமக்குச் சரியா ஞாபகம் இருக்கிறதா? பின்னர் 800-க்கும் மேற்பட்ட பெண்களை ஆபரேஷன் சமயத்திலேயே தேதி குறித்துக்கொண்டு, தொடர்ந்து கவனித்தார்கள். 2009-ல் வெளியான அந்த முடிவில், சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை.

நாத்தனாருக்குக் குறித்த நாளிலேயே ஆபரேஷன் முடிந்தது. சகோதரிகளே, நாள் பார்ப்பதைக் கல்யாணத்தோடு வைத்துக்கொள்வோம். சந்தேகம் வந்தால் டாக்டரிடம் கேளுங்க. நீங்களா தள்ளிப் போடாதீங்க!

- ஒரு வாசகி, மதுரை.