களி நல்லதுதான்... கூட என்ன சாப்பிடுகிறீர்கள்?

தர்மபுரி பக்கம் ராகிக் களி என்பது அன்றாடச் சாப்பாடு. 2023-ம் ஆண்டு தமிழக அரசு, தர்மபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி தரத் தொடங்கியபோது, இங்குள்ள பாட்டிகளுக்கு அதை எப்படிச் சமைப்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இப்போது அதே ராகி, 'ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்தது' என்ற வாசகத்தோடு பளபளப்பான பாக்கெட்டில் விற்பனைக்கு வருகிறது. அப்படி என்ன இருக்கிறது அதில்?

நறுக்கிவைத்த வாழைக்காய் கறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். ஆக்ஸிஜன் செய்யும் வேலை அது. நம் உடலுக்குள்ளும் ஆக்ஸிஜனால் 'ஃப்ரீ ராடிக்கல்' எனும் துடுக்கான மூலக்கூறுகள் உருவாகி, செல்களைச் சேதப்படுத்துகின்றன. அவற்றை அடக்கும் பொருட்களே ஆன்டிஆக்ஸிடன்ட்கள்.

ராகியில் இந்த வேலையைச் செய்பவை பாலிஃபீனால்கள். பெரும்பாலும் அவை செந்நிற மேல்தோலில்தான் இருக்கின்றன. ராகியின் தோலை அரிசியைப்போல எளிதாக உரிக்க முடியாது. தோலோடு சேர்த்துத்தான் அரைக்கிறோம். அதனால் அந்தச் சத்து மாவிலேயே தங்கிவிடுகிறது. சென்னை ஆய்வாளர்கள் 1996-ல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளை ராகியைவிடச் செந்நிற ராகி ஃப்ரீ ராடிக்கல்களை அதிகமாக அடக்கியது தெரிந்தது.

சரி, ஆன்டிஆக்ஸிடன்ட் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லதா? அங்கேதான் சிக்கல்.

இரும்பைப் பிடித்துவைக்கும் டானின்

பாலிஃபீனால்களில் ஒரு வகை டானின். இது உணவிலுள்ள இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன விஞ்ஞானிகள் 1988-ல் வெளியிட்ட ஆய்வகச் சோதனை முடிவுகளின்படி, செந்நிற ராகியைவிட வெள்ளை ராகியிலிருந்தே இரும்பு அதிகமாகக் கிடைத்தது. ராகியை முளைகட்டியபோதும் இரும்பு கிடைக்கும் அளவு கூடியது.

ஆனால் முளைகட்டினாலும் புளிக்கவைத்தாலும், ஃப்ரீ ராடிக்கல்களை அடக்கும் திறன் குறைகிறது என்று அந்த 1996 ஆய்வு சொல்கிறது. ஒன்று கூடினால் இன்னொன்று குறைகிறது. ரத்தசோகை உள்ள கர்ப்பிணிக்கும், வளரும் குழந்தைக்கும் எது முக்கியம்? இரும்புதான்.

அதனால் சின்னக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சும்போது, ராகியை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து அரைத்த மாவே நல்லது. பெரியவர்கள் வழக்கமான களியே சாப்பிடலாம். கூட என்ன இருக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டால் போதும். கொய்யா, நெல்லிக்காய், எலுமிச்சை பிழிந்த வெங்காயம் என வைட்டமின் சி உள்ள ஏதாவது ஒன்று சேர்ந்தால், இரும்பு உடலில் சேர்வது கூடும். மீனும் அதற்கு உதவும். களிக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்தவர்கள் ருசிக்காகத்தான் வைத்திருப்பார்கள், பலன் இரட்டிப்பு!

சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை மட்டும் தள்ளிப்போடுங்கள். டீயிலும் பாலிஃபீனால் உண்டு. அதுவும் இரும்பைத் தடுக்கும். மருத்துவர் தந்த இரும்புச்சத்து மாத்திரையையும் டீயோடு விழுங்கக் கூடாது. 'களிதான் சாப்பிடுகிறோமே' என்று அந்த மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

மாத்திரையாகச் சாப்பிட்டால்?

ஆன்டிஆக்ஸிடன்ட்டைத் தனியே பிரித்து மாத்திரையாக விழுங்கினால் என்ன ஆகும்? பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். 1994-ல் முடிவு வந்தபோது, பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவிகிதம் அதிகமாக இருந்தது. காய்கறியில் நல்லது செய்யும் பொருள், மாத்திரையாகத் திரளும்போது அதே நல்லதைச் செய்யும் என்று நம்பிவிட முடியாது.

ராகி பாக்கெட்டில் எழுதியிருப்பது பொய்யல்ல. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்காக இரண்டு மடங்கு விலை கொடுக்கத் தேவையில்லை. ரேஷன் ராகியிலும் அதே தோல்தான் இருக்கிறது. மிச்சமாகும் காசில் கால் கிலோ கொய்யா வாங்குங்கள்!